விரல்கள் கலையாத படம்

உன் அறைக்கு இன்று காலை வெள்ளை அடிக்க ஆள் வந்தார். மாடிப்படி ஏறும்போதே பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. அடுத்த வாரம் புது ஆட்கள் குடி வருகிறார்கள். ஒரகடத்தில் வேலை பார்க்கிற புருஷன் பெண்சாதி. என்னைக் கேட்டுவிட்டுத்தான் அம்மா அவர்களிடம் சரி என்றாள். நானும் தலையாட்டினேன். எத்தனை நாள்தான் பூட்டி வைப்பது.

பெயிண்டர் உன் கட்டிலுக்கு எதிர்ச் சுவரைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "இன்னா கலரும்மா இது? ரெண்டு கோட்டு அடிச்சும் உள்ளேர்ந்து நீலம் தெரியுது. யாரு அடிச்சது இத?" என்றார். ஸ்ரீபெரும்புதூர்க் கடையில் மூன்று டப்பாவைக் கலக்கச் சொல்லி, போதாது இன்னும் கறுப்பு விடு என்று கடைக்காரரிடம் கையாட்டிச் சண்டை போட்டு நீ வாங்கி வந்த நீலம் அது. இருவரும் சேர்ந்து அடித்தோம். உன் தலைமுடியில் ஒட்டியது போக ஒரு வாரம் ஆனது.

வாடை தாங்காமல் மொட்டை மாடிக்கு வந்து உட்கார்ந்தேன். உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. அதற்கு எதிரே உன் கண் வேண்டும். அது இல்லாததால் எழுதுகிறேன். நீ கையால் சொன்னதெல்லாம் என் மனதில் எங்கள் பிள்ளைப்பாக்கத்துப் பேச்சாகத்தான் பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நாம் முதலில் அடுத்தடுத்த மேசைக்காரர்கள், அவ்வளவுதான். போன் மூடிகளை லென்ஸுக்குக் கீழே வைத்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. லைன் ஓடும் சத்தத்தில் நாங்களெல்லாம் பக்கத்து மேசைக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லத் தொண்டை கிழியக் கத்துவோம். நீயோ கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் உன் கூட்டாளிகளோடு ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்திருப்பாய். அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஹாஸ்டல் பிடிக்கவில்லை, உங்கள் வீட்டு மாடி அறை காலியாமே என்று நீ தாளில் எழுதிக் காட்டிய அன்று, அம்மாவைக் கேட்காமலே வா என்று சொல்லிவிட்டேன்.

அம்மா தயங்கினாள். "காது கேக்காத பொண்ணாடி? கதவத் தட்னா எப்டி தொறக்கும்? தனியா மேல கீது, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள். மறுநாளே நீ எலக்ட்ரீஷியனை அழைத்து வந்து, கீழே இருந்த காலிங் பெல் வயரோடு உன் அறையில் ஒரு சிவப்பு பல்பைச் சேர்த்துவிட்டாய். கீழே சுவிட்சை அமுக்கினால் மேலே பல்பு எரியும். அம்மாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. மீன் வறுத்தாலும் அமுக்குவாள், மழை வந்து துணி எடுக்கவும் அமுக்குவாள். நீ கீழே வந்து நின்றதும் அவளே ஏதோ சைகை செய்வாள். அவள் சைகையில் பாதி எனக்கே புரியாது. உனக்குப் புரிந்தது.

எனக்குக் கற்றுக்கொடுக்கும்போதுதான் உனக்குப் பொறுமை போகும். என் விரலையெல்லாம் நீ குறை சொன்னதில்லை. என் முகத்தைத்தான் சொல்வாய். "மூஞ்சி செத்துக் கெடக்குது. கை மட்டும் பேசுனா அது பேச்சு இல்ல." நான் கண்ணை உருட்டுவேன், புருஷனோடு சண்டை போடுகிறவள் மாதிரி இருக்கிறது என்று சிரிப்பாய்.

வீடியோ எடுக்கும் எண்ணம் உனக்கு வந்தது ரூபி அழுத அன்று. கம்பெனியில் தீ ஒத்திகை வைத்தார்கள். சைரன் அடித்தது. லைனை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே போய் மைதானத்தில் வரிசையாக நின்றோம். உன்னை நான் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டேன். உன்னைப் போலவே காது கேளாத ரூபி அந்நேரம் பாத்ரூமில் இருந்திருக்கிறாள். வெளியே வந்து பார்த்தால் அவ்வளவு பெரிய ஹாலில் ஒரு ஆள் இல்லை. மேசை மேல் மேசையாக விளக்கெரிகிறது, பாதி பார்த்த மூடிகள் அப்படியே கிடக்கின்றன. அழுதுகொண்டே அவள் மைதானத்துக்கு வந்தபோது சூப்பர்வைசர், "ட்ரில்தாம்மா, இதுக்குப் போய் அழுவறியே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவள் எதற்கு அழுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. பயிற்சி வகுப்பில் எல்லாவற்றையும் வாயால் சொல்லி முடித்து, உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் உன் போனை என் கையில் கொடுத்தாய். "எடு. நான் சொல்றேன்."

கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னாய். சைரன் அடித்தால் எந்த விளக்கு மினுக்கும், பக்கத்து மேசைக்காரியிடம் முன்கூட்டியே என்ன சொல்லி வைக்க வேண்டும், எந்தக் கதவு வழியாகப் போக வேண்டும். இரண்டாம் எண் கதவு வழியாகப் போ, மூன்றாம் எண் கதவு கெமிக்கல் அறைப் பக்கம், அங்கே போகாதே. ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். உங்கள் வாட்ஸப் குழுவில் அனுப்பினாய். பதில் ரூபியிடமிருந்து வந்தது. ரெண்டா, மூணா, விரல் தெரியலையே.

திறந்து பார்த்தோம். அனுப்பும்போது வாட்ஸப் படத்தை நசுக்கிச் சின்னதாக்கியிருந்தது. உன் முகம் தெரிந்தது, கட்டில் தெரிந்தது, பின்னால் கொசுவலை தெரிந்தது. கை அசையும் இடத்தில் மட்டும் மெழுகு உருகினாற்போல் ஏதோ வழிந்துகொண்டிருந்தது. இரண்டு விரலா மூன்று விரலா என்று பக்கத்தில் நின்று எடுத்த எனக்கே சொல்ல முடியவில்லை.

நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். பிறகு மெதுவாகச் சொன்னாய். "சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் சொல்றது, நீ சொல்றது புரியலன்னு. ஸ்கூல்ல கையக் கட்டிகினு வாயால பேசுன்னு அடிச்சாங்க. பேசுனேன், அப்பவும் புரியலன்னாங்க. இது என்னோட பாஷ. இதுலயும் புரியலன்னா நான் எங்க போறது?"

உன் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வார விடுமுறையில் குன்றத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். அந்த மனிதர் நம் படத்தை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். "சின்னப் பைப்புல தண்ணி வர மாதிரி வெச்சுக்கங்க மேடம்" என்றார். "அசையாத எடத்துக்குத் தண்ணி அவ்வளவா செலவாவாது. அசையற எடத்துக்குத்தான் செலவு. இங்க பாருங்க, கொசுவல ஆடுது, ஃபேன் நெழல் ஆடுது, வெளிச்சம் பத்தாம படம் பூரா பொடிப்பொடியா நெளியுது. இருக்கற தண்ணியெல்லாம் அதுக்கே போய்டுச்சு. வெரலுக்கு ஒண்ணும் மிஞ்சல." நான் உனக்குக் கையால் சொல்லச் சொல்ல உன் கண் விரிந்தது. என்னைவிட அவரை அதிகம் கேள்வி கேட்டது நீதான். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்தையும் நிதானமாக எடுக்கும், அதற்குள் விரல் நகர்ந்துவிடும் என்றார். நொடிக்கு முப்பது படத்துக்குப் பதில் அறுபது எடுங்கள் என்றார். சாட்டில் அனுப்பாதீர்கள், வீடியோ தளத்தில் ஏற்றி லிங்க்கை மட்டும் அனுப்புங்கள், ஏற்றும் முன் கோப்பை ரொம்பவும் சுருக்காதீர்கள் என்றார். கடைசியில், "கல்யாணத்துல யாரும் இவ்ளோ பாக்க மாட்டாங்க மேடம். மொகம் செவப்பா தெரிஞ்சா போதும்" என்று சிரித்தார்.

அப்படித்தான் நீலச் சுவர் வந்தது. கொசுவலை கழன்றது. பூப்போட்ட சுடிதாரெல்லாம் பெட்டியின் அடிக்குப் போய், பழுப்பில் ஒரே நிறச் சட்டை ஒன்று உனக்கு வீடியோச் சட்டை ஆனது. இரண்டு குழல் விளக்கு வாங்கி நாற்காலியில் கட்டினோம். படம் எடுக்கும்போது ஃபேன் போடக்கூடாது என்பது உன் சட்டம். வேர்த்து ஊற்றும். முடித்ததும் இருவரும் மாடிக்கு ஓடுவோம்.

ஏற்றுவதும் மாடியில்தான். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் மட்டும் வரும். நைட் ஷிப்டு முடிந்து வந்து, வெயில் ஏறும் முன் போனைத் தொட்டி மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவோம். மறுபடி எடுத்த அந்த முதல் படம் ஏறி முடிந்ததும் ஆசையாகத் திறந்தாய். பழையபடி விரல் உருகிக் கிடந்தது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாய். அதுவும் அப்படியே. மறுபடி அழித்தாய். டேட்டா தீர்ந்தது. என் போனிலிருந்து வாங்கி ஏற்றினாய், அதையும் பார்த்துவிட்டுக் கோபத்தில் போனைக் கவிழ்த்து வைத்துப் படுக்கப் போனாய். மத்தியானம் எழுந்து பார்த்தால் நீ அழிக்காமல் விட்ட அந்தப் படம் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. உன் நகப்பூச்சு உரிந்திருந்தது வரை தெரிந்தது. முதலில் சுமாரான படத்தைக் காட்டிவிட்டு, நல்ல படத்தை அந்தத் தளம் பின்னால் மெதுவாகத் தயார் செய்யும் என்பது நமக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ தலையில் அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

ரூபி அன்று சாயங்காலம் தன் படம் ஒன்றை அனுப்பினாள். அதில் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு எவ்வளவு செய்தாய் நீ. பேங்கிலிருந்து பேசுவதாக மெசேஜ் அனுப்பி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குவது பற்றி, வீட்டுக்காரர் திடீரென்று காலி செய்யச் சொன்னால் என்ன கேட்கலாம் என்பது பற்றி. கம்பெனியில் உன் முதல் படத்தைப் பயிற்சி வகுப்பில் போட ஆரம்பித்தார்கள். பாத்ரூமில் மினுக்கும் விளக்கு வந்தது. எங்கெங்கோ இருந்து பெண்கள் தங்கள் படத்தை அனுப்பி உன்னிடம் சந்தேகம் கேட்டார்கள். எல்லாவற்றிலும் கீழே எழுத்து போடுவது என் வேலை. கேட்கிறவர்களுக்கும் புரியட்டும் என்பாய்.

உனக்குக் காய்ச்சல் வந்தது மழை விட்ட சமயம். முதலில் நாமிருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருந்தாய். மறுநாள் பல்பை அம்மா அமுக்கி அமுக்கிப் பார்த்தும் நீ வரவில்லை என்று மேலே ஓடினேன். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். மேற்கொண்டு கேட்பதற்கு முன்பே உன்னை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

சிறிது நேரம் என்னை உள்ளே விட்டபோது பார்த்தேன், உன் வலது கையில் ஊசி குத்தி, அட்டை வைத்துக் கட்டிப் பிளாஸ்திரி போட்டிருந்தார்கள். நீ அந்தக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நர்ஸிடம், "சிஸ்டர், அவளுக்கு வலது கைதான் வாய். இடது கைக்கு மாத்த முடியுமா?" என்று கேட்டேன். "நரம்பே கெடைக்கலம்மா, இங்கதான் கெடைச்சுது" என்று அலுத்துக்கொண்டவர், ஒரு நிமிடம் உன்னைப் பார்த்தார். பிறகு இடது கையை எடுத்துத் தட்டித் தட்டித் தேடினார். கண்டுபிடித்தார். வலது கை அவிழ்ந்ததும் நீ அவருக்குத்தான் முதலில் நன்றி சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். நான் எடுத்துச் சொல்லும் முன்பே அவருக்குப் புரிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஐசியூவுக்குள் யாரையும் விடவில்லை. அந்த நர்ஸ்தான் உன் போனை ட்ரே மேல் சாய்த்து வைத்து எனக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தார். நான் கதவுக்கு வெளியே, பெஞ்சில். நடுவே ஒரு சுவர்தான். ஆனாலும் சிக்னல் அங்கே மோசம். உன் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கையைத் தூக்கினாய், அது கலங்கி வழிந்தது. எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். மறுபடி சொன்னாய். மறுபடி வழிந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அழாதே என்பதுபோல் தலையை ஆட்டினாய், அது மட்டும் தெரிந்தது.

பிறகு நீ வேறு மாதிரி பேசினாய். கையை நெஞ்சில் வைத்து அப்படியே நிறுத்தினாய். அசையவில்லை. கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து உன் விரல்கள் தெளிந்தன. பயம். நான் புரிந்தது என்று தலையாட்டும்வரை பிடித்திருந்தாய். அடுத்த சைகைக்குக் கை நகர்ந்தபோது படம் உடைந்தது, மறுபடி நிறுத்தினாய், தெளிந்தது. நீ. அடுத்தது, அங்கேயே. அடுத்தது, இரு. இந்த நான்கு வார்த்தைக்கு உனக்கு மூச்சு வாங்கியது. இருக்கிறேன் என்று நானும் என் கையை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நர்ஸ் போனை எடுத்துவிட்டார்.

நான் அங்கேயே இருந்தேன். அம்மா சோறு கொண்டுவந்து கூப்பிட்டபோதும் நகரவில்லை. மறுநாள் காலை டாக்டர் வெளியே வந்து என்னிடம்தான் முதலில் சொன்னார். அதற்கு முன்பே எப்படியோ எனக்குத் தெரிந்திருந்தது.

திருநெல்வேலிப் பக்கத்து உன் ஊருக்கு அம்மாவும் நானும் உன்னோடே வந்தோம். மாதா கோயிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து, உன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது உன் தம்பி வந்தான். "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அவ உங்ககிட்ட நெறைய பேசுவாளாமே. வீடியோவும் கெடக்காமே. எங்களுக்கு அவ கைப்பேச்சு தெரியாதுக்கா. சாப்புடு, ஒறங்கு, வா, போ, இதத் தாண்டி வீட்டுல நாங்க யாரும் படிக்கல" என்றான். உன் அம்மா பக்கத்தில் வந்து அமர்ந்தாள். எதைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நீ சொன்ன அந்தப் படத்தைப் போட்டேன். உன் கை சொல்லச் சொல்ல நான் வாயால் சொன்னேன்.

"மொத வாரம் அழுக வரும். எனக்கும் வந்துது. எங்கம்மா வெக்கிற மீன் கொழம்ப நெனச்சிகினு அழுவேன். அம்மாவுக்கு என் பேச்சு தெரியாது. நான் வீடியோ கால் போட்டு அவங்க மூஞ்சியப் பாத்துகினு இருப்பேன். அவங்களும் பாப்பாங்க. கொஞ்ச நேரம் அப்டியே இருந்துட்டு வெச்சுடுவோம். அதுவே போதும்னு ஆயிடும். நீங்களும் பண்ணிப் பாருங்க."

உன் அம்மா போனுக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். பிறகு, "இவ்வளவு பேசுவாளா எம் மொவ" என்றாள். போனை வாங்கி உன் கை மேல் தன் விரலை வைத்தாள். படம் நின்றுவிட்டது. பயந்து எடுத்துவிட்டாள். நான் மறுபடி ஓடவிட்டேன். "அந்த மீன் கொழம்புன்னு சொன்னாள்லா, அது எது? காட்டு" என்று கேட்டாள். காட்டினேன். சரியாக வரவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன். இருட்டுகிற வரையில் அவள் அதையே செய்துகொண்டிருந்தாள்.

நீ பாதியில் விட்ட கர்ப்பிணிகளுக்கான படத்தை ரூபி முடித்தாள். குன்றத்தூரில் இருக்கும் அவள் அறையில் எடுத்தோம். அவள் வேகமாகப் பேசுகிறாள், உன் அளவு அழகில்லை, நானே சொல்கிறேன். ஆனால் விரல் தெளிவாகத் தெரிகிறது. படத்தைச் சுருக்குவதும் ஏற்றுவதும் கீழே எழுத்து போடுவதும் என் கையில்தான் இருக்கின்றன. ஏற்றியதும் அவள் திறந்து பார்த்துப் பதறுவாள். காத்திரு என்பேன்.

போன மாதம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப் பக்கம் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். நான் முன்பின் பார்த்திராதவள். என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் தன் வலது புருவத்தை மேலே தள்ளிக் காட்டினாள்.

அது கைப்பேச்சில் நீ எனக்கு வைத்த பெயர். லென்ஸில் கீறல் தேடும்போது என் புருவம் ஏறிக்கொள்ளுமாம், அதனால். ரூபி போன்ற உன் கூட்டாளிகள் நாலைந்து பேருக்கு மேல் அது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். எப்போதோ ஒரு படத்தின் முடிவில் என்னைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து இழுத்து நிறுத்தி, இதை எடுப்பவள் இவள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

ரோட்டைத் தாண்டி ஓடினேன். உன்னைப் பற்றித்தான் கேட்டாள். சொன்னேன். அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் காலியாக, உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எத்தனையோ ஆட்டோ வந்து போயின. நாங்கள் ஏறவில்லை.